பித்தளை விரல்

பார்சிலோனா
12 பிப்ரவரி 1893

அன்புள்ள அக்கா நிக்கோலாசாவுக்கு,

தம்பி எவாரிஸ்தோ எழுதுவது. இந்தக் கடிதத்தை உங்களுக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் என் வணக்கம். எங்காவது நான் தவறாக எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நாம் பேசிக்கொள்ளாமல் ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த விண்ணப்பத்தை நான் மறக்கவில்லை. உங்கள் சிகரெட் தொழிற்சாலையின் ஜன்னல்களைத் திறக்கச் சொல்லி மேனேஜருக்குக் காரமாக ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டீர்கள். பெண்கள் புழுக்கத்தில் மயங்கி விழுகிறார்கள் என்றீர்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து, "நிர்வாகத்துக்கு அசௌகரியம் இல்லாத ஒரு தருணத்தில், காற்றைக் குறித்துச் சற்றே சிந்திக்கலாம்" என்று எழுதினேன். இவ்வளவு மரியாதையான கடிதத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று மேனேஜர் அதைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். ஜன்னல் திறக்கவில்லை. உங்கள் மேசைப் பெண்கள் முன்னால் நீங்கள் தலைகுனிந்தீர்கள். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

என் மனைவி மெர்செ இறந்து மூன்றாம் குளிர்காலம் இது. தொழிற்பள்ளியில் வரைபடம் சொல்லிக்கொடுக்கும் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டில் கடிகாரச் சத்தம் அதிகமாகக் கேட்கிறது. எனவே காலை வேளைகளில் ரிஃபா என்பவருடைய பட்டறைக்குப் போய் வரைந்து கொடுக்கிறேன். அவர் சிகரெட் செய்யும் இயந்திரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார். காகிதத்தை அது நன்றாகவே சுருட்டுகிறது. புகையிலையும் சீராக இறங்குகிறது. பசை கிடையாது என்பதால், சுருளைப் பிடித்து வைக்க வேண்டியது இரு முனைகளின் மடிப்புதான். அங்கேதான் தோற்கிறோம். பித்தளை விரல் ஒன்று முனையை உள்ளே தள்ளுகிறது. தள்ளியதும் காகிதத்தின் ஓரம் ஓரத்தின்மேல் ஏறும் அந்த மூட்டு பிளந்துகொள்கிறது. ரிஃபா தொப்பியைக் கழற்றித் தரையில் அடிக்கிறார்.

நேற்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் ஆள்காட்டி விரலில் மாட்டியிருக்கும் தகர நகம் நினைவுக்கு வந்தது. நீங்கள் முனை மடித்த சிகரெட்டை மாலுமிகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உலகத்தைச் சுற்றி வருவார்கள். ஒரு துகள்கூடச் சிந்தாது. அதை எப்படி மடிக்கிறீர்கள்? இயந்திரம் தென் அமெரிக்காவுக்குப் போகப்போவதாக ரிஃபா சொல்கிறார்.

நான் எழுதியது இதைக் கேட்பதற்காக என்று நினைக்க வேண்டாம். இதற்காக இல்லவே இல்லை என்றும் சொல்லத் துணிவில்லை.

தங்கள் தம்பி,
எவாரிஸ்தோ


லாஸ் பால்மாஸ்
9 மார்ச் 1893

டேய் எவாரிஸ்தோ,

என்னடா இது, 'நீங்கள்', 'உங்கள்'? நான் என்ன பிஷப்பா? உன் மூக்கைச் சிந்தி விட்டவ நான். ஒழுங்கா நீன்னு எழுது. இல்லேன்னா அடுத்த கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்புல போடுவேன்.

எழுதுறது பினோ. எங்க மேசையில எனக்கு வலப்பக்கம் உக்காருறவ. புருஷன் கடல்ல போனதுக்கப்புறம் கன்னியாஸ்திரீங்ககிட்ட எழுத்துக் கத்துக்கிட்டா. நான் சொல்றதை அப்படியே எழுதணும், அழகுபடுத்தக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். மதியச் சாப்பாட்டு நேரம். மேசையே சுத்தி நின்னு வேடிக்கை பாக்குது, என்னமோ பினோ காதல் கடிதம் எழுதுற மாதிரி.

(வணக்கம் ஐயா. ஒரு வரியையும் தாண்டாமல்தான் வாசித்தேன். உங்கள் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. பினோ.)

அந்தக் கடிதம் இன்னும் சட்டத்துக்குள்ளதான் தொங்குது. கூலி வாங்கப் போறப்பெல்லாம் அதைப் பாத்துக்கிட்டு நிக்கணும். ஜன்னலும் சாத்தினபடியேதான். திறந்தா இலை காஞ்சிடுமாம். நாங்க காஞ்சா பரவாயில்ல. ஒன்பது வருஷம் உன்மேல கோபமா இருந்தேன். அதுல பாதி கோபம் எப்பவோ போயிடுச்சு. மீதியை வீம்புக்கு வெச்சிருந்தேன். மெர்செக்கு ஒரு பூசை வெக்கச் சொல்றேன். நல்ல பொண்ணு. நம்ம ஊரு மீனைத்தான் அவளால தின்ன முடியல.

இயந்திரமாம்! நாங்க சிரிச்ச சிரிப்புல மேஸ்திரி ஓடி வந்தார். "என்ன, இங்க என்ன நடக்குது?"ன்னார். "பார்சிலோனாவுல ஒரு இரும்புப் பொண்ணு சிகரெட் சுருட்டக் கத்துக்கிறாளாம், முனை மடிக்கத் தெரியாம அழுவுறாளாம்"னு பினோ சொன்னா. "உங்களை மாதிரி வாயாடாம இருந்தா சரி"ன்னுட்டுப் போயிட்டார்.

உனக்குத் தெரியும், எங்க மேசை மடிப்பு எங்க மேசையை விட்டு வெளிய போகாது. பக்கத்து மேசைக்காரி எங்க மடியில தலை வெச்சுச் செத்தாலும் சொல்ல மாட்டோம். கப்பல்காரங்க எங்க சிகரெட் கட்டைத்தான் கேட்டு வாங்குறாங்க. எங்க சோறு அது. ஆனா ஆம்பளைக்குச் சொன்னா என்ன? இந்தத் தீவுல சிகரெட் சுருட்டின ஆம்பளை உண்டா? அம்மா அடுப்படியில நின்னு அப்பாகிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. சுவத்துக்கிட்ட சொன்ன மாதிரி. அப்படித்தான் எல்லா வீட்லயும். ஆம்பளை காது கணக்குல கிடையாது.

அதனால கேட்டுக்க. உங்க பித்தளை விரல் நேரா நடுவுல குத்துது. அங்கதான் தப்பு. முதல்ல மூட்டுக்கு எதிர்ப்பக்கம். அப்புறம் ரெண்டு விலாவும். மூட்டுப் பக்கம் கடைசியில. மூட்டுதான் கதவுடா. எல்லாரும் வீட்டுக்குள்ள வந்தப்புறம்தானே கதவைச் சாத்துவே? சாத்தினப்புறம் நகத்தால ஒரு அழுத்து, குத்தாதே, அழுத்து. அவ்வளவுதான். இதை அந்த இரும்புப் பொண்ணு செஞ்சிட்டாள்னா என் நகத்தைக் கழற்றி அவளுக்கே குடுக்குறேன்.

உன் பழைய இருமல் எப்படி இருக்கு?

உன் அக்கா,
நிக்கோலாசா


பார்சிலோனா
20 ஏப்ரல் 1893

அன்புள்ள அக்கா,

'நீ' என்று எழுத முயல்கிறேன். கை தயங்குகிறது, பொறுத்துக்கொள்.

இரும்புப் பெண் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பட்டறையில் ஃபெரான் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறான். நாற்பது வயதுக்காரன், நான்கு குழந்தைகள், பேசாமல் வேலை செய்பவன். பித்தளை விரலுக்குப் பின்னால் ஒரு சிறு வட்டத் தகடு சுழல்கிறது. விரல் எந்தப் பக்கத்தை எப்போது தொட வேண்டும் என்று அந்தத் தகட்டின் பற்கள்தான் தீர்மானிக்கும். எந்தப் பல் எங்கே இருக்க வேண்டும் என்று நான் வாயால் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்காமல் அரத்தால் அராவிக்கொண்டே போனான். மதியம் சுழற்றிப் பார்த்தோம். முதல் சிகரெட் விழுந்தது. அதை எடுத்து உதறினேன். எதுவும் சிந்தவில்லை.

ரிஃபா என் முதுகில் அறைந்தார். நுரைக்கிற ஒயின் வாங்கி வரச் சொன்னார். "வாத்தியாரே, இத்தனை மாசமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இந்த யோசனையை? எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "யோசித்துக்கொண்டே இருந்தேன்" என்றேன்.

உன் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் உனக்கு ஏதாவது தொந்தரவு வரலாம் என்பதால்தான் சொல்லவில்லை என்று வீடு வரும்வரை எனக்கு நானே விளக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்த விளக்கம் அவ்வளவு பலமாகத் தெரியவில்லை.

ஒயினை நான் குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரம் எந்த ஊருக்குப் போகிறது என்று நான் கேட்கவில்லை. தென் அமெரிக்கா பெரிய இடம்.

உன் தம்பி,
எவாரிஸ்தோ


லாஸ் பால்மாஸ்
2 ஜூன் 1893

எவாரிஸ்தோ,

அப்ப என் நகத்தை அந்த இரும்புக்காரிக்குக் குடுத்துடணுமா? தர மாட்டேன் போ. பந்தயம்னு நான் எங்க சொன்னேன், பினோதான் தப்பா எழுதிட்டா.

(அவர் சொன்னதைத்தான் எழுதினேன். பினோ.)

நான் சொன்னதை நீ சொன்னதா சொல்லிக்கிட்டேன்னு எழுதியிருக்கே. சின்ன வயசுலயும் அப்படித்தானே. நான் பிடிச்ச நண்டை அம்மாகிட்ட நீ பிடிச்சதா காட்டுவே. அப்புறம் மூலையில உக்காந்து அழுவே. இதுக்கெல்லாம் அழாதே. தென் அமெரிக்காக்காரன் நல்ல சிகரெட்டு குடிச்சிட்டுப் போகட்டும்.

பொட்டலத்துல நம்ம ஊரு வறுத்து அரைச்ச கோஃபியோ மாவும் ஆட்டுப்பால் சீஸும் இருக்கு. கப்பல் சமையல்காரன் என் மேசைக்காரி மருமகன். வழியில தின்னுட்டான்னா எழுது, இங்க அவன் மாமியார் பாத்துக்குவா. இங்க வேலை ஜாஸ்தி. மேனேஜர் ரெண்டு ஆளோட வந்து எங்க மேசைக்குப் பக்கத்துல தரையை அளந்துட்டுப் போனார். ஒருவேளை ஜன்னல் பெருசாக்கப் போறாரோ என்னமோ. உன் கடிதம் இப்பத்தான் உறைச்சிருக்கோ!

நிக்கோலாசா


பார்சிலோனா
15 ஜூலை 1893

அன்புள்ள அக்கா,

கோஃபியோ வந்தது. சமையல்காரன் நேர்மையானவன், சீஸில் ஒரு மூலைதான் இல்லை. காலையில் பாலில் கலந்து சாப்பிடுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இருந்த நாக்கு இன்னும் வாயில் இருக்கிறது என்று தெரிந்தது.

இங்கே வெயில் கடுமை. டிராம் குதிரைகளுக்குத் தொப்பி மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

இந்த வாரம் ரிஃபா எனக்கு ஒரு சிறு வேலை கொடுத்தார். மரப்பெட்டிகளின்மேல் பெறுநர் முகவரியை எழுத வேண்டும். பட்டறையில் எழுத்து நேராக வருவது எனக்குத்தான். தூரிகையும் தார் மையும் தந்து ஒரு துண்டுக் காகிதத்தில் முகவரியைத் தந்தார். அதை இருமுறை வாசித்தேன். பிறகு எழுதினேன். பாதியில் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் எழுத்து கோணலாகிவிடும்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்தேன்.

உன் மேசைப் பெண்கள் எல்லோரும் நலமா? அவர்களில் தையல், சலவை, சமையல் என்று வேறு வேலை தெரிந்தவர்கள் உண்டா? பினோ எழுதப் படிக்கத் தெரிந்தவள். அவளுக்குக் கடையில் வேலை கிடைக்கும் அல்லவா? சும்மாதான் கேட்கிறேன்.

இருமல் குறைந்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

எவாரிஸ்தோ


லாஸ் பால்மாஸ்
24 ஆகஸ்ட் 1893

எவாரிஸ்தோ,

இந்தக் கடிதத்தையும் பினோதான் எழுதுறா. எழுத மாட்டேன்னா. எழுதுடின்னு கையில பேனாவைத் திணிச்சிருக்கேன். இந்தத் தடவை தொழிற்சாலையில இல்ல. என் வீட்ல, கதவைச் சாத்திட்டு.

பெட்டி வந்துச்சு. முற்றத்துல இறக்கி வெச்சிருந்தாங்க. பினோ பக்கத்துல போய் நின்னா, நின்னவ நின்னபடியே இருந்தா. "என்னடி?"ன்னேன். "ஒண்ணுமில்ல அக்கா, ஊர் பேரு போட்டிருக்கு"ன்னா. முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. அச்சடிச்ச மாதிரி எழுத்து. அவளுக்குத் தெரியாதா அந்த எழுத்து? வாய் வலிக்க எனக்கு வாசிச்சுக் காட்டினவளாச்சே. ஆனா என்கிட்ட சொல்லல. என் மனசு நோகுமேன்னு ரெண்டு நாள் விழுங்கிட்டு இருந்தா.

மூணாம் நாள் உங்க மெக்கானிக் அதை எங்க மேசைக்குப் பக்கத்துல, அளந்த இடத்துல நிறுத்தி ஓட்டினான். மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சார். சிரிக்கலாம்னுதான் போனோம். அது காகிதத்தைச் சுருட்டுச்சு. அந்தப் பித்தளை விரல் வந்துச்சு. எதிர்ப்பக்கம். விலா. விலா. கடைசியில மூட்டு. அப்புறம் ஒரு அழுத்து, குத்தாம.

என் கையை வெட்டி அங்க மாட்டி வெச்சிருக்கிற மாதிரி இருந்துச்சு எவாரிஸ்தோ.

எங்க மேசையில எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ஒருத்தியை ஒருத்தி பாத்தாங்க. அப்புறம் எல்லாரும் பினோவைப் பாத்தாங்க. சாப்பாட்டு நேரத்துல பார்சிலோனாவுக்குக் கடிதம் எழுதினவ யாரு? பினோ. எழுதத் தெரிஞ்சவ யாரு? பினோ. நான் சொல்லச் சொல்ல எழுதினாங்கிறது அந்த நேரத்துல ஒருத்திக்கும் ஞாபகம் வரல. நம்ம நிக்கோலாசாவா மடிப்பை விப்பான்னு நினைச்சிருப்பாங்க. நடுவுல அந்தப் படிச்சவதான் தன் கைவரிசையா எதையோ சேத்து எழுதிட்டான்னு முடிவு கட்டிட்டாங்க.

மறுநாள் காலையில பினோவோட முக்காலி சுவத்தைப் பாத்துத் திரும்பி இருந்துச்சு. மேசைக்குத் துரோகம் பண்ணினவளுக்கு அதுதான். சுவத்தைப் பாத்து உக்காந்து வேலை செய்யணும், யாரும் பேச மாட்டாங்க, காகிதக் கட்டை நீட்ட மாட்டாங்க, அவளே எழுந்து போய் எடுத்துக்கணும். அவ ஒரு வார்த்தை சொல்லல. போய் உக்காந்தா.

நானும் ஒரு வார்த்தை சொல்லல.

(இதை எழுத வேண்டாம் என்று நான் சொன்னேன். பினோ.)

எழுதுடி. ரெண்டு வாரமா அவ முதுகைப் பாத்துக்கிட்டு நான் சுருட்டிக்கிட்டு இருக்கேன். வாயைத் திறந்தா என் முக்காலி திரும்பும். எழுபது வயசுக்கு மேல சுவத்தைப் பாத்து உக்காரணுமான்னு பயமா இருக்கு. நீ பயந்தாங்கொள்ளின்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே, என் ரத்தமும் அதேதான்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த முதல் கடிதம், மன்னிப்பு கேட்டு எழுதினியே, அது எனக்காக எழுதினதா, மடிப்புக்காக எழுதினதா?

நிக்கோலாசா


பார்சிலோனா
14 செப்டம்பர் 1893

அக்கா,

உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியவில்லை.

தப்பிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பிப்ரவரி மாலையை எடுத்து மேசைமேல் வைத்து, ஒரு வரைபடத்தை ஆராய்வதுபோல் எல்லாப் பக்கமிருந்தும் பார்த்தேன். மெர்செ போனபின் வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு எழுத நினைத்தேன். அது உண்மை. எழுதத் துணிவு வரவில்லை. விரல் தோற்ற அன்று துணிவு வந்தது. அதுவும் உண்மை. மடிப்பு இல்லாவிட்டால் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆசை சாட்சியாகாது.

பெட்டிமேல் லாஸ் பால்மாஸ் என்று எழுதியது என் கைதான். மை உலர்வதற்குள் உனக்குத் தந்தி அடித்திருக்கலாம். கோஃபியோவுக்கு நன்றி எழுதினேன். ரிஃபாவிடம், "தென் அமெரிக்கா என்றீர்களே?" என்று மட்டும் கேட்டேன். "யாரு முதல்ல கையெழுத்து போடுறானோ அவனுக்குத்தான் வாத்தியாரே. ஏன், உங்களுக்கு அங்க யாராவது இருக்காங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

பினோ அவர்களுக்கு: இந்த வரியை நீங்களே வாசிக்க வேண்டியிருப்பதை நினைத்துக் கூசுகிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை.

இதனுடன் இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அது உங்கள் மேசைக்கு. மடிப்பை எடுத்தவன் நான், அக்கா எனக்குச் சொன்னது விற்பதற்காக அல்ல, பினோவுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். மரியாதைச் சொற்களை எல்லாம் அடித்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் அதை வாசிக்கச் சொல்.

எவாரிஸ்தோ


லாஸ் பால்மாஸ்
11 அக்டோபர் 1893

எவாரிஸ்தோ,

உன் தாளை வாசிக்கச் சொல்லல. மேசை விஷயத்துல ஆம்பளை சாட்சி செல்லாது. அதோட, என் வாயால செஞ்சதை உன் பேனாவால அழிக்க முடியாது.

மலைமேல இருக்கிற தெரோர் மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்து போனோம், மேசை முழுக்க. பினோ மட்டும் பத்தடி பின்னாடி தனியா வந்தா. மலை ஏறுறப்போ எனக்கு மூச்சு வாங்குச்சு. ஓடி வந்து என் கையைப் பிடிச்சவ அவதான். மத்தவளுங்க திரும்பிப் பாத்துட்டு, "அந்தத் துரோகி கையை எதுக்குப் பிடிக்கிறே நிக்கோலாசா?"ன்னாங்க.

அங்கயே, நடுரோட்டுல, கல்லுமேல உக்காந்து சொல்லிட்டேன். "துரோகி இவ இல்லடி. நான்தான். என் தம்பிக்குச் சொன்னேன்"னேன். "தம்பிக்கா? தம்பிக்குச் சொன்னா என்ன?"ன்னு ஒருத்தி கேட்டா, பாவம். "அவன்தான் அதைச் செஞ்சான்"னேன். அப்புறம் யாரும் பாட்டுப் பாடல. மாதாகிட்ட போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துட்டோம்.

மறுநாள் பினோ முக்காலி மேசையைப் பாத்துத் திரும்பி இருந்துச்சு. என்னுது சுவத்தைப் பாத்து. திருப்பி வெச்சது நீயான்னு பினோவைக் கேட்டேன், காகிதத்தை எண்ண ஆரம்பிச்சுட்டா. சுவத்துல ஒரு விரிசல் இருக்கு. நல்லாத்தான் இருக்கு, பழகிடுச்சு.

உங்க மெக்கானிக் எங்க மேசையில ரெண்டு பேருக்கு அதை ஓட்டச் சொல்லிக் குடுத்துட்டுக் கப்பல் ஏறினான். மத்தவங்களை கிறிஸ்துமஸுக்குள்ள அனுப்பிடுவாங்கன்னு பேச்சு. அவன் கிளம்பின அதே வாரம் அந்த இயந்திரத்துப் பித்தளை விரலைக் காணோம். பின்னாடி சுத்துமே ஒரு தகடு, அதையும் காணோம். வாசல்ல எங்களைத் தினமும் தடவிப் பாத்து அனுப்புவாங்களே, அந்த அம்மா எங்க கொண்டைக்குள்ள கூடக் கையை விட்டுப் பாத்துட்டா. போலீஸ்காரர் வந்தார். "பாட்டி, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"ன்னார். "சாமி, நான் சுவத்தைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்"னேன். எனக்கு நெஜமாவே தெரியாது. என்கிட்டதான் யாரும் பேசுறதில்லையே.

மேனேஜர் பார்சிலோனாவுக்குத் தந்தி அடிச்சிருக்கார், புது விரல் கேட்டு. அது உன்கிட்டதானே வரும்?

நான் உன்னை எதுவும் கேக்கல. கேக்க எனக்கு வாய் இல்ல.

நிக்கோலாசா


பார்சிலோனா
5 நவம்பர் 1893

அக்கா,

இதை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு. பினோவும் மறந்துவிட வேண்டும்.

விரலுக்கும் தகட்டுக்கும் வரைபடம் கேட்டார் ரிஃபா. முதல் தகட்டை ஃபெரான் என் வாய்ச்சொல்லைக் கேட்டு அராவியதால், தாளில் எதுவும் இல்லை. "சரியா அதே மாதிரி வரைஞ்சு குடுங்க வாத்தியாரே, இனிமே இது காணாமப் போனாலும் கவலையில்ல" என்றார்.

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கோட்டை அது இருக்கக் கூடாத இடத்தில் போட்டேன். மூட்டின் முறை கடைசியில் வர வேண்டும். நான் அதைக் கடைசிக்கு ஒன்று முன்னால் வைத்தேன். பார்த்தால் தெரியாது. ஓடும்போதும் தெரியாது. சிறிது நேரம் கழித்துக் காகிதம் தானாகத் திறந்துகொள்ளும்.

ரிஃபா வரைபடத்தைச் சரிபார்க்கவில்லை. என் வரைபடங்களை யாரும் சரிபார்ப்பதில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

உங்களுக்கு இதனால் எவ்வளவு காலம் கிடைக்கும் என்று தெரியாது. ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். அதற்குள் திட்டு விழப்போவது ஃபெரானுக்கு. தகட்டோடு அவனைத்தான் அனுப்புகிறார்கள். நேற்று அவன் தன் கடைசிக் குழந்தைக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லிக்கொண்டே, என் தவறான கோட்டின்மேல் அரத்தை வைத்து, மயிரிழை பிசகாமல் அராவிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்தேன்.

அன்று உங்களுக்குச் செய்தது. இன்று இவனுக்குச் செய்வது. ஒன்றை எடுத்து இன்னொன்றால் கழிக்க முடியுமா என்று பார்த்தேன். கழியவில்லை. இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன.

எவாரிஸ்தோ


லாஸ் பால்மாஸ்
8 ஜனவரி 1894

தம்பி,

கடிதத்தை எரிச்சாச்சு. பினோ மறந்தாச்சு. எதை மறந்தாங்கிறதையும் மறந்தாச்சு.

உங்க மெக்கானிக் வந்தான். மாட்டினான். ஓட்டினான். மேனேஜர் கை தட்டினார். சாயங்காலம் கூடையைப் பாத்தா சிகரெட்டெல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கு. ஒரு வாரம் அவன் அதோட மல்லுக்கட்டினான். கழற்றுறதும் மாட்டுறதும்; சாப்பாட்டுக்குக்கூடப் போகல. மேனேஜர் அத்தனை பேர் முன்னாடி அவனைக் கண்டபடி பேசினார். நீ சொன்னியே, பேசாத ஆளுன்னு. பேசல. காது மட்டும் சிவந்துச்சு. நல்லவன் மாதிரிதான் இருக்கான்.

கடைசியில எங்க மேசைகிட்ட வந்தான். "அம்மா, உங்க கை எப்படிப் போகுதுன்னு ஒரு தடவை காட்டுங்களேன்"னான். ஒருத்தியும் தலை நிமிரல. அப்ப மேனேஜர் அங்கிருந்தே கத்தினார், "அந்தச் சுவரைப் பாத்து உக்காந்திருக்கே கிழவி, அவளைக் கேளு. இந்தத் தீவுல அவளை மாதிரி மடிக்கிறவ கிடையாது"ன்னு.

அவன் வந்து என் தோளுக்குப் பக்கத்துல நின்னான். என் பின்னாடி மேசையில நகச் சத்தம்கூட நின்னு போச்சு. எனக்கு அவங்க முகம் தெரியல. சுவருதான் தெரிஞ்சுது.

காகிதத்தை எடுத்தேன். சுருட்டினேன். அவன் குனிஞ்சு பாக்குறான். மூட்டுப் பக்கத்தை முதல்ல மடிச்சேன். பிளந்துச்சு. தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு எடுத்தேன். அதுவும் பிளந்துச்சு. எவாரிஸ்தோ, பத்து வயசுல மேசைக்கு வந்தவ நான். அத்தனை பேர் காதுக்கும் கேக்குற மாதிரி என் கையால காகிதம் கிழிஞ்சது அன்னிக்குத்தான். அவ்வளவு கஷ்டமா இருக்கும்னு நினைக்கல. கை தானா சரியான பக்கத்துக்குப் போகுது. இழுத்துப் பிடிச்சுத் தப்புப் பண்ணணும். நீ அந்தக் கோட்டைப் போட மூணு நாள் ஏன் எடுத்துக்கிட்டேன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

"முன்னெல்லாம் இப்படி ஆகாதுப்பா. இந்தக் காகிதம்தான் என்னமோ மாதிரி இருக்கு. சீக்கு வந்த காகிதம்"னேன்.

அவன் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தான். நாக்குல வெச்சுப் பாத்தான். முகத்துல அப்படி ஒரு நிம்மதி. "நான் நினைச்சேன்! என் வேலையில தப்பு இருக்காதுன்னு நினைச்சேன்"னான். மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிட்டான். ரெண்டு பேரும் காகித மில்லைத் திட்டி எழுதியிருக்காங்க. புதுக் காகிதம் வர வசந்தம் ஆகுமாம். அதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் மேசை இருக்கும்.

உன் மெக்கானிக் தப்பிச்சான். அந்தக் காகித மில்லுல எவன் வாங்கிக் கட்டிக்கிறானோ. அவனுக்கும் பிள்ளைங்க இருக்கும்.

முக்காலியை யாரும் திருப்பல. நானும் கேக்கல. ஆனா அன்னிக்குக் கட்டு தீர்ந்து, புதுசு எடுக்கலாம்னு எழுந்திருக்கப் போனேன், முட்டி வேற பிடிச்சுக்கிச்சு. அப்ப என் தோளுக்கு மேல ஒரு கை வந்துச்சு, காகிதக் கட்டோட. பினோ கை இல்ல. பினோ கை எனக்குத் தெரியும்.

யாருன்னு திரும்பிப் பாக்கல. வாங்கிக்கிட்டேன்.

நிக்கோலாசா